கங்காணியின் சொல்



நம் முன்னோர் பலர் மலாயாவில் முதலில் கண்ட கரை பினாங்குத் துறைமுகம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, ஜெரெஜாக் தீவிலிருந்த நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, அதன் பிறகே அவர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். கண்ணால் காணாத நாட்டுக்குப் புறப்படும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது எது?

வறுமை ஒரு காரணம். ஆனால் வறுமை ஊரைவிட்டுத் துரத்தும். போகும் திசையைச் சொல்லாது. திசையைச் சொன்னவர் கங்காணி.

தோட்டத் துரைமார் மனித மனத்தை நன்கு அறிந்திருந்தனர். முன்பின் தெரியாதவர் அழைத்தால் ஏழைக் குடியானவர் தயங்குவார். தம் ஊர்க்காரர், உறவுக்காரர் அழைத்தால் நம்புவார். ஆகவே தோட்டத்தில் வேலை செய்த ஒருவருக்கே உரிமச்சீட்டு கொடுத்து, ஆள் சேர்த்துவர அவருடைய ஊருக்கு அனுப்பினார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் இம்முறையே மேலோங்கியது.

கங்காணி சொன்னதெல்லாம் பொய் என்று கூற முடியாது. வேலை இருந்தது, கூலியும் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டவையும் இருந்தன. மலேரியாக் காய்ச்சல் ஒன்று. விடியுமுன் பெரட்டு மற்றொன்று. தம் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தமக்குக் கிடைக்கும் தலைக்காசு இன்னொன்று.

1907-இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. அந்த நிதியால் வந்தவர் கடனில்லாமல் கரையிறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டுப்போகவும் அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் எழுத்தறியாதவருக்கு அதைப் படித்துச் சொல்வார் யார்? “அழைத்து வந்தவருக்கு நாம் கடன்பட்டவர்கள்” என்று நம்பியிருந்தவருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததுதான்.

உதவிப்பணம் தந்து கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. கங்காணி ஆள்சேர்ப்பும் அத்துடன் முடிந்தது.

நம்பியது நம் முன்னோரின் குற்றமன்று. நம்பிக்கை இல்லாவிட்டால் அவர்கள் கடல் கடந்திருக்க முடியாது. ஆனால் நம்பிக்கைக்கு அறிவு துணை நிற்க வேண்டும். வேலைக்கோ, கடனுக்கோ, நிலத்துக்கோ நாம் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? அவர் சொல்லாமல் விட்டது என்ன? சட்டம் நமக்கு என்ன உரிமை தருகிறது?

பதில் தெரிந்த பிறகு நம்புவோம்.