பாரவண்டிக்கு உகந்த எஞ்சின் எது?

சிலாங்கூர் ஆற்றின் கழிமுகத்தில், கோல சிலாங்கூருக்கு எதிர்க்கரையில் அமைந்த ஊர் பாசிர் பெனம்பாங். மலாய் மொழியில் ‘பாசிர்’ என்றால் மணல். ‘பெனம்பாங்’ என்பது கூலிக்கு ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டியைக் குறிக்கும் சொல். சுமையெல்லாம் துடுப்பின் வலியால் கடந்த காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது.

இவ்வட்டாரத்தின் உட்பகுதியில், தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு என்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் இதுவே முதன் முயற்சி. அறுத்த குலை நெடுநேரம் கிடந்தால் எண்ணெயில் அமிலம் மிகும், விலை குன்றும். ஆதலின் குலையை விரைந்து ஆலை சேர்க்கும் வண்டி தோட்டத்திற்கு உயிர்நாடியாயிற்று.

அவ்வண்டிக்கு எஞ்சின் எது? தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சினே விடையாக இருந்தது. ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை 1897இல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். எனினும் அது நிலத்தில் ஊன்றி நின்ற பெரும்பொறி. 1920களின் நடுவில்தான் செருமனியில் லோரி ஏறியது. பெட்ரோல் எஞ்சினோ எடை குறைந்தது, விலை மலிந்தது, எளிதில் கிளம்புவது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 5 இலட்சத்திற்கு மேல் செய்தளித்த ஜி.எம்.சி. இரண்டரை டன் லோரிகளும் பெட்ரோலில் ஓடியவையே. ஆகவே அன்றைய தேர்வு அறியாமையால் நேர்ந்ததன்று.

பின்னர் டீசல் வென்றது ஏன்? அது காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டினாலேயே எண்ணெயை எரியச் செய்வது. அதனால் ஒரே வேலைக்குக் குறைந்த எண்ணெய் போதும். மெதுவாகச் சுழலும்போதும் இழுவை குன்றாது. சேற்றுப் பாதையில் பாரம் இழுக்கும் லோரிக்கு இவ்விரண்டும் பெரும்பேறு.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. புகையைத் தூய்மையாக்கும் கருவிகளால் டீசல் வண்டியின் விலை ஏறியது. குறுந்தூர ஓட்டத்தில் அதன் புகைவடிகட்டி அடைபடுவதும் உண்டு. இந்நிலையில் 2020ஆம் ஆண்டு வரிசைக்கென ஃபோர்டு நிறுவனம் தன் பாரப் பிக்கப் வண்டிகளுக்கு 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் புதிதாகத் தந்தது. மலேசியத் தீபகற்பத்திலும் 2024 ஜூன் 10ஆம் நாள் உதவித்தொகை நீங்கவே, டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று.

நாள் முழுதும் பாரம் இழுக்கும் வண்டிக்கு டீசல் தன் கூடுதல் விலையை மீட்டுத் தரும். அவ்வப்போது சிறிது தூரம் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலே சிக்கனமாதல் கூடும். பாரமும் பாதையும் ஓட்டமும் அறிந்து தேர்வதே அறிவுடைமை.