தாய் மண்ணுக்கு ஒரு வணக்கம், ஒரு சலாம்

போன ஞாயிறு ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. மெல்பர்னில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்று கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக் கடன் வட்டி, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, கடைசியில் ராஜாவா ரஹ்மானா. இந்த முறை மட்டும் கடைசிக் கட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"ரஹ்மான் தர்காவுக்குப் போறவர், சூஃபி வழி. அவர் வந்தே மாதரத்தை மனசாரப் பாடியிருப்பாரா? பொன்விழா வந்துச்சு, கம்பெனி கேட்டுச்சு, பாடிட்டார்" என்றார் ஒருவர். "மனசு இல்லாம அந்த உச்சத்துல பாட முடியுமாங்க?" என்று எகிறினார் இன்னொருவர். எங்களில் மூத்தவர், "மனசை யார் பார்த்தா? ஜன கண மன போட்டா எழுந்து நிக்கிறாரா, அதைப் பாருங்க" என்றார். பாயசம் வந்ததால் சண்டை தற்காலிகமாக நின்றது.

நான் வாயே திறக்கவில்லை. நான் வளர்ந்தது அந்தமான் போர்ட் பிளேரில் (2024-ல் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், என் வாய்க்கு இன்னும் வரவில்லை). அப்பாவுக்கு அங்கே அரசு வேலை. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். மதம், பாட்டு, கொடி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன், முதலில் ரஹ்மான் விஷயத்தை முடித்துவிடுவோம்.

1967-ல் சென்னையில் திலீப்குமாராகப் பிறந்தவர். அப்பா ஆர்.கே. சேகர், மலையாளப் பட இசையமைப்பாளர், மகனுக்கு ஒன்பது வயதில் இறந்துபோனார். காதிரி சூஃபி மரபைச் சேர்ந்த கரீமுல்லா ஷா காதிரி என்ற பெரியவரிடம் அந்தக் குடும்பம் ஆறுதல் தேடிப் போய், 80களின் பிற்பகுதியில் இஸ்லாத்தைத் தழுவியது. 'ரோஜா' 1992. 'வந்தே மாதரம்' ஆல்பம் 1997 ஆகஸ்ட், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு. அதில் 'குருஸ் ஆஃப் பீஸ்' என்ற பாட்டில் ரஹ்மானுடன் பாடியவர் நுஸ்ரத் ஃபதே அலி கான். பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் பிறந்த கவ்வாலி மேதை. அதே ஆகஸ்ட் 16-ம் தேதி லண்டனில் காலமானார். இந்தியாவின் பொன்விழா ஆல்பத்தில் ஒரு பாகிஸ்தானி சூஃபி பாடகர்! சூஃபி வழியை மறைத்துக்கொண்டு நாட்டுப் பாட்டுப் பாடினார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஹிந்தியில் அந்தப் பாட்டு 'மா துஜே சலாம்', தமிழில் 'தாய் மண்ணே வணக்கம்'. முஸ்லிம்களில் ஒரு சாரார் பங்கிம் சந்திரரின் பாட்டுக்கு ஆட்சேபம் சொன்னது நாட்டுப்பற்று இல்லாததால் அல்ல. 'வந்தே' என்ற சொல்லில் வழிபாடு இருக்கிறது, பிந்தைய சரணங்களில் துர்க்கை வருகிறாள், இறைவனைத் தவிர யாரையும் வழிபட முடியாது என்பதே அவர்கள் பக்கம். அதனால்தான் 1937-ல் காங்கிரஸ் செயற்குழு, தாகூரின் யோசனையையும் கேட்டு, முதல் இரண்டு சரணங்கள் போதும் என்றது. அறுபது வருஷம் கழித்து வந்த பாட்டில் பல்லவியில் 'வந்தே மாதரம்' அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஒரு சலாமும் இருக்கிறது. நம் 'வணக்கம்' இன்னும் வசதி. கோயிலிலும் சொல்லலாம், ஆபீஸ் லிஃப்டிலும் சொல்லலாம்.

'ஜன கண மன' மட்டும் மதவாசனை இல்லாமல் வந்ததா? தாகூர் பிரம்ம சமாஜத்துக்காரர், அது ஒரு துதிப்பாடல். முதலில் பாடப்பட்டது 1911 டிசம்பர் 27, கல்கத்தா காங்கிரஸில். 1943-ல் நேதாஜிக்கு சிங்கப்பூரில் எல்லோரும் பாடக்கூடிய ஒரு கீதம் தேவைப்பட்டது. தாகூரின் பாட்டைத் தழுவி எளிய ஹிந்துஸ்தானியில் 'சுப் சுக் செயின்' உருவானது. எழுதியதில் முக்கியமானவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன், ஒரு முஸ்லிம். இசை கூர்க்கா வீரர் ராம் சிங் தாக்குரி. வங்காளமும் ஹிந்தியும் தெரியாத மலாயா தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். இதைப் படிப்பவர்களில் சிலருடைய தாத்தாவும் அதில் இருந்திருக்கலாம்.

இப்போது என் ஊர். 1942 மார்ச் 23 முதல் அந்தமான் ஜப்பானியர் கையில். 1943 டிசம்பர் 29-ம் தேதி நேதாஜி வந்து இறங்கினார், மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு 'ஷஹீத்', நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்று பெயரும் வைத்தார். பள்ளியில் எங்களுக்கு இவ்வளவுதான் பாடம், கொடிக்கு சல்யூட் அடித்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவோம்.

பாடத்தில் வராதது ஒன்று உண்டு. அந்தக் கொடி ஏறிய நாளில், நடந்துபோகும் தூரத்தில் இருந்த செல்லுலார் சிறைக்குள் டாக்டர் திவான் சிங் என்பவரை ஜப்பானியர் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். அவர் மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், பக்தியுள்ள சீக்கியர், அந்தமான் இந்திய சுதந்திர லீகின் தலைவர். அதாவது நேதாஜியின் ஆள்! உளவாளி என்று பொய்க் குற்றச்சாட்டு. வந்த தலைவரை சிறைக்கைதிகள் பக்கம் நெருங்கவே விடவில்லை. 1944 ஜனவரி 14 அன்று, நம் வீடுகளில் பொங்கல் பொங்குகிற சமயம், திவான் சிங் இறந்தார். அதே மாதம் 30-ம் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களிலும் லீக்காரர்கள் இருந்தார்கள்.

அடுத்த மாதம் நேதாஜி அனுப்பிய ஆளுநர் வந்து சேர்ந்தார். ஒரு தமிழர், ஏ.டி. லோகநாதன். ஜப்பானியர் போலீஸ் துறையைத் தர மறுத்தார்கள். அது இல்லாமல் மற்றது எதற்கு என்று கல்வித் துறையை மட்டும் ஏற்றுக்கொண்டார். கொடி இருந்தது, ஆளுநர் இருந்தார், ஒரு கைதியைத் திறந்துவிடும் சாவி மட்டும் இல்லை.

இதனால்தான் "எழுந்து நிற்கிறாரா பாருங்க" என்ற அளவுகோல் எனக்குப் போதவில்லை. அன்று மைதானத்தில் விறைப்பாக நின்ற ஜப்பானிய அதிகாரிகளுக்கு அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் கிடைக்கும். எழுந்து நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் நிற்பவன்தான். 1986-ல் கேரளத்தில் மூன்று குழந்தைகள், யெகோவா சாட்சிகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை என்பதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. நின்றதே மரியாதை, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். பாடாதவர்களையே நீதிமன்றம் அப்படி மதித்தது. தொண்டை கிழியப் பாடியவரை நாம் சந்தேகப்படுகிறோம்.

இன்னொன்று. போர்ட் பிளேரில் 'லோக்கல் பார்ன்' என்று ஒரு சமூகம் உண்டு, நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வம்சம். ஒரே குடும்பத்தில் இரண்டு மதம் அங்கே அதிசயம் இல்லை. 1857 வழக்கில் தண்டிக்கப்பட்ட மார்க்க அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி அந்தத் தீவிலேயே 1861-ல் இறந்தார். கைதியாக இருந்தபடி இந்தியாவின் துயரத்தைப் பற்றி அரபியில் எழுதியவர். அவர் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. திவான் சிங் பெயரில் குருத்வாராவும் இருக்கிறது. இந்த ஊர்க்காரனிடம் வந்து, அரபியில் தொழுகிறவர் இந்த மண்ணைத் தாய் என்பாரா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சாப்பாட்டு மேசையில் இத்தனையும் சொல்ல நேரமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். ராஜா கட்சிக்காரர் ஒருவர், "செல்லுலார் ஜெயில்னா எங்க ஆள் இசையமைச்ச 'சிறைச்சாலை'தானே, 1996-லயே வந்தாச்சு, அதைப் போடுங்க" என்று இப்போதே போன் பண்ணிவிட்டார்.