கையில் பணப்பையின்றி: ஹவாய்த் தீவுகளில் ஒரு மோர்மோன் இளைஞரின் ஊழிய நாட்கள், 1854–1857

மிஷனரி வரலாறு என்று நம் இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் முதிர்ந்தோரின் வரலாறே. பட்டம் பெற்று, குருப்பட்டம் ஏற்று, துணைவியும் ஊதியமும் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களும் உடன்வரக் கப்பலேறியவர்களையே நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். பதினைந்தே வயதில், தாய் தந்தையரை இழந்து, பள்ளிப் படிப்பும் முற்றுப்பெறாத நிலையில் கடல் கடந்து அனுப்பப்பட்ட ஒருவர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் நமக்குக் கிட்டுவது அரிது. பிற்காலத்தில் மோர்மோன் சபையின் தலைவராக 1901 முதல் 1918 வரை விளங்கிய ஜோசப் எஃப். ஸ்மித்தின் ஹவாய் நாட்குறிப்பு அத்தகைய அரிய ஆவணம். 1856, 1857ஆம் ஆண்டுகளுக்குரிய அக்குறிப்புகள் 2011இல் அச்சேறின. தம் தங்கை மார்த்தாவுக்கு அவர் எழுதிய கடிதங்களும் காக்கப்பட்டுள்ளன.

மோர்மோன் சபையின் உபதேசத்தை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. வேதாகமத்தோடு வேறொரு நூலையும் திருமறையாகக் கொள்வதிலும், கடவுளைப் பற்றிய போதனையிலும் அவர்களுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை வாசகர் அறிவர். அந்த இளைஞர் எங்கே உறங்கினார், எதை உண்டார், யார் அவருக்கு உணவிட்டார் என்பனவே நாம் எழுப்பும் கேள்விகள். எளிய கேள்விகளே. ஆயினும் இவற்றைக் கேட்கும்போது, நாம் அடிக்கடி பிரசங்கிக்கும் ஒரு வேதபகுதி வேறு முகம் காட்டுகிறது.

ஜோசப் எஃப். ஸ்மித் 1838இல் பிறந்தவர். மோர்மோன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு அண்ணன் மகன். 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் என்னும் ஊரின் சிறையில், வெறிகொண்ட ஒரு கூட்டம் அவருடைய தந்தையையும் சிற்றப்பாவையும் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு ஐந்து வயது. விதவையான தாய் 1848இல் மாட்டு வண்டிகளோடு மேற்கே பயணமாகிச் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். வழியில் மாடு ஓட்டியவர்களுள் இச்சிறுவரும் ஒருவர். 1852இல் தாயும் மறைந்தார். பின்னர் ஒருநாள், தங்கையை அடிக்க முனைந்த பள்ளி ஆசிரியரைத் தாமே அடித்து வீழ்த்திவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதை அடுத்து, 1854 ஏப்ரல் மாநாட்டில் அவர் பெயர் மிஷனரியாக அறிவிக்கப்பட்டது. அடங்காத பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கம் நம்மவரிடையேயும் இல்லாமலில்லை. அவருக்குக் கிடைத்த பட்டம் ‘மூப்பர்’. நரைத்த தலைகளையே மூப்பர் என அழைத்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கும்.

வழிச்செலவுக்குச் சபை பணம் தரவில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபதுபேருக்குக் கூறப்பட்ட கட்டளையை அவர்கள் எழுத்தின்படியே எடுத்துக்கொண்டனர். பணப்பையும் சாமான் பையுமின்றிப் புறப்படுவதே முறை. மே மாதம் கிளம்பிய அவர் தெற்குக் கலிபோர்னியாவை அடைந்து, மலைக்காட்டில் கூரைக்கான மரச் சில்லுகள் அறுக்கும் வேலை செய்து கப்பற்கூலி சேர்த்தார். 1854 செப்டம்பர் 27 அன்று ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார்.

அவர் இறங்கிய நாடு நற்செய்தி அறியாத நாடன்று. யாழ்ப்பாணத்துக்கு 1816இலும் மதுரைக்கு 1834இலும் மிஷனரிகளை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டு, 1820இலேயே ஹவாய்த் தீவுகளில் கால் வைத்திருந்தது. ஆகவே தீவுகளின் சபைகளும் நம் சபைகளுட் சிலவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். போர்டு மிஷனரிகள் ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்தனர். 1831இல் மாவுயித் தீவில் லஹைனாலுனா செமினரியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டை செமினரி தோன்றி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1839இல் முழு வேதாகமமும் ஹவாய் மொழியில் அச்சாயிற்று. மோர்மோன் மிஷனரிகள் பின்னர் வந்தபோது கையில் எடுத்துப் பிரசங்கிக்க வேறு வேதாகமம் இருக்கவில்லை.

முதல் மோர்மோன் குழுவினர் பத்துப் பேர், கலிபோர்னியாவின் பொன்வயல்களிலிருந்து 1850 டிசம்பர் 12 அன்று வந்தனர். வெள்ளையருக்கே பிரசங்கிக்க வந்ததாகப் பலர் எண்ணினர். கேட்க வெள்ளையர் முன்வராமையால் சிலர் விரைவிலேயே திரும்பினர். அவர்களோடு திரும்பாது தங்கி, மக்களின் மொழியைக் கற்றவர்களுள் இருபத்துமூன்று வயதான ஜார்ஜ் க்யூ. கேனன் குறிப்பிடத்தக்கவர். மாவுயித் தீவின் வைலூக்கூவில் நீதிபதியாயிருந்த ஜோனத்தானா நாபேலாவை அவர் 1851இல் சந்தித்தார். நாபேலா லஹைனாலுனாவில் பயின்றவர். மோர்மோன் நூலைக் கேனன் ஹவாய் மொழியில் பெயர்க்க, நாபேலாவின் மொழிப்புலமை பெருந்துணையாயிற்று. அப்பெயர்ப்பு 1855இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. நம் மரபினர் நிறுவிய கல்லூரியின் மாணவரே அயலாரின் திருமறைக்குத் தமிழ் மரபில் நாம் முன்ஷி என அழைத்தவரின் இடத்தை ஏற்றார் என்பதில், கல்லூரி நடத்துவோர் சிந்திக்க நிறையவே இருக்கிறது. கற்பித்தவர்கள் அவரை எதற்குரியவராக மதித்தனர் என்பதும் அச்சிந்தனையில் அடங்கும்.

ஸ்மித்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் மாவுயியின் கூலா. ஹலேயாகலா மலைச்சரிவில் அமைந்த வறண்ட பகுதி அது. கலிபோர்னியாவில் பொன் தேடியோருக்கு உருளைக்கிழங்கு விளைத்து அனுப்பிச் சில ஆண்டுகள் செழித்து, அதன்பின் சந்தை சரிந்த ஊர். மூத்த ஊழியர்கள் அவரை ஒரு ஹவாய்க் குடும்பத்தாரிடம் மொழி கற்க விட்டுச் சென்றனர். இலக்கண நூல் கையிலேந்திக் கற்பிக்க ஆசிரியர் எவருமில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குரிய சொல்லைக் கேட்டறிந்தே ஆகவேண்டும். நூறு நாட்களில் பேச வல்லவரானதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வந்த சில நாட்களிலேயே கடுங்காய்ச்சல் கண்டபோது மஹுஹீ என்னும் ஹவாய்ப் பெண்மணி அவரைத் தம் மகனைப்போல் பேணினார். அரைநூற்றாண்டுக்குப் பின் சபைத் தலைவராக அவர் தீவுகளுக்கு வந்தபோது, பார்வையிழந்த அம்முதியவர் சில வாழைப்பழங்களை ஏந்தி, ‘யோசேபா’ என்று கூப்பிட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தாராம். உடன் சென்ற நண்பர் ஒருவர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

உணவைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சேப்பங்கிழங்கை வேகவைத்து, கல்லால் இடித்து, நீர்விட்டுப் பிசைந்து வைப்பது ‘போய்’ என்னும் கூழ். ஓரிரு நாளில் அது புளிக்கும். வீட்டார் அனைவரும் ஒரே சுரைக்குடுக்கையைச் சுற்றி அமர்ந்து விரலால் அள்ளி உண்பர். பழையசோற்றின் புளிப்பு நமக்குப் பழகியது; ரொட்டியும் இறைச்சியும் உண்டு வளர்ந்தவர்களுக்கோ அதன் வாசனையே குமட்டியது. அதைத் தமக்கு இனிதாக்கும்படி கடவுளை வேண்டிக்கொண்டதாகக் கேனன் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். மொழிக்காக ஜெபித்த மிஷனரிகள் பலர். கூழுக்காக ஜெபித்தவர் சிலரே. இவ்விரண்டில் எது கடினம் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் துணியோம்.

பதினாறு வயதுமுதல் ஸ்மித் பகுதித் தலைவராகவும் பொறுப்பேற்றார். மாவுயி, அதன்பின் பெரிய தீவின் ஹிலோ, கொஹாலா, இறுதியில் மொலக்காய் எனப் பணி நகர்ந்தது. பெரிய தீவின் வடகிழக்குக் கரையோரம் ஆழ்ந்த ஓடைப்பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தை வெட்டுகின்றன. ஒரு சபையிலிருந்து அடுத்த சபைக்குப் போவதென்றால் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகவேண்டும்.

நாட்குறிப்பில் உபதேச ஆராய்ச்சியைத் தேடுவோர் ஏமாறுவர். துணி துவைத்தது, கிழிசலைத் தைத்தது, படித்தது, கடிதம் எழுதியது, தபாலுக்குக் காத்திருந்தது, கூட்டம் நடத்தியது, விசுவாசிகளின் சண்டையைத் தீர்த்தது என்றே நாட்கள் செல்கின்றன. கிராமச் சபையில் முதலாண்டு ஊழியம் செய்த எவரும் அந்நாட்களை அடையாளம் கண்டுகொள்வர். ஆனால் வேறொன்றும் அதில் உண்டு. உணவிட்ட மக்களையே அழுக்கர் என்றும் சோம்பேறிகள் என்றும் பழிக்கும் வரிகள் அடிக்கடி வருகின்றன. பாய், தெள்ளுப்பூச்சி, ஒரே பாத்திரம், நோயுற்றோருடன் நெருங்கி வாழும் வாழ்வு ஆகியவை அவர் மனத்தைக் கசப்பாக்கின. அன்பு காட்டிய வீட்டையும் வெறுத்த வீட்டையும் அவர் வேறுவேறாகப் பிரித்து எழுதவில்லை. இரண்டும் ஒரே வீடுதான்.

1856இல் லானாய்த் தீவில் நேர்ந்த தீவிபத்தில் அங்கு வைத்திருந்த அவருடைய பெட்டி எரிந்தது. முந்தைய நாட்குறிப்புகள் அழிந்தன, உடைகளும் போயின. ஒரே உடுப்பை இருவர் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் கூட்டத்துக்குச் செல்ல மற்றவர் படுக்கையில் கிடந்ததாக, அவர் மகன் தொகுத்து 1938இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அக்காலத்தில் தாம் கண்ட கனவொன்றை ஸ்மித் முதுமையில் விவரித்தார். கையில் சிறு மூட்டையுடன் விரைந்தோடி ஒரு மாளிகையை அடைகிறார். உள்ளே நுழையுமுன் குளித்துத் தூய உடை உடுத்துகிறார். நேரம் தவறி வந்ததாகச் சொல்லப்பட்டபோது, தாமதமானாலும் தூய்மையாய் வந்திருப்பதாக விடை கூறுகிறார். அவருடைய சபையார் இக்கனவை ஒழுக்கத் தூய்மைக்குச் சான்றாகப் போற்றுகின்றனர். நம் கண்ணில் படுவது, அதனோடு அவர் சேர்த்துச் சொன்ன செய்தி. வறியவராய், கல்லாதவராய், வெறும் சிறுவராய் இருந்தமையால் ஒரு வெள்ளையரின் முகத்தை ஏறிட்டு நோக்கவும் தாம் கூசியதாக அவர் ஒப்புக்கொண்டார். ஹவாய் மக்கள்மீது அவர் வீசிய ‘அழுக்கு’ என்னும் சொல், தம்மைப்பற்றிய அச்சமாகவும் இருந்திருக்கிறது.

இனி, உணவிட்டவர்களின் நிலை. 1853ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 73,000. மேல்நாட்டார் வருமுன் அது இதைவிடப் பன்மடங்காக இருந்தது. அதே ஆண்டில் பெரியம்மை பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 1848இல் தொடங்கிய நிலப்பங்கீட்டில் குடிமக்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கூலாவிலும் மொலக்காயிலும் இம்மிஷனரிகளின்முன் வைக்கப்பட்ட கூழ் இத்தகைய வீடுகளிலிருந்து வந்தது. லூக்கா 10ஐ நாம் பிரசங்கிக்கையில், பையின்றிப் புறப்பட்டவரின் விசுவாசத்தையே மெச்சுகிறோம். ‘உங்கள்முன் வைக்கிறதை’ என்று சொல்லும்போது, வைப்பவர் யார், அடுத்த வேளைக்கு அவருக்கு என்ன எஞ்சியது என்று கேட்பதில்லை. ஊதியம் பெற்ற போர்டு மிஷனரி மக்களிடமிருந்து விலகி வாழ்ந்தார் என்பது மெய்யே. அவருக்கான உணவுச் செலவில் பெரும்பகுதியைப் பாஸ்டன் நகரம் ஏற்றது என்பதும் மெய்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. போர்டு வந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1849இல், ஜேம்ஸ் கெகேலா முதல் ஹவாய்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். போர்டின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் இத்தாமதத்தைக் கண்டு கலங்கியவர். ஸ்மித் கூலாவில் ஹவாய் மொழி கற்றுக்கொண்டிருந்த அதே மாதங்களில், 1854–55இல், ஆண்டர்சன் இந்தியாவிலும் யாழ்ப்பாணத்திலும் சுற்றுப்பயணம் செய்தார். அதன் விளைவாக வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. சுதேசச் சபை தன் காலில் நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து. மோர்மோன் இளைஞர்களோ கொள்கையால் அன்றித் தேவையால் அதைச் செய்தனர். எண்ணிக்கையில் சிலராயும் பயிற்சியற்றவர்களாயும் இருந்தமையால், உள்ளூர் விசுவாசிகளுக்கு விரைந்து பொறுப்பளித்தனர்.

மொழியும் வீடும் இல்லாதவிடத்து இம்முறை பயனளிக்கவில்லை என்பதற்குச் சென்னையே சான்று. ரிச்சர்டு பாலன்டைன் என்னும் மோர்மோன் மிஷனரி 1853 ஜூலையில் சென்னை வந்து, ஓராண்டு தங்கி, ஆங்கிலத்தில் ஓர் இதழும் நடத்தினார். அவர் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோரிடமே. ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலர். 1854இல் அவர் கப்பலேறினார்.

1857இல் அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கிப் புறப்பட்டதும், மிஷனரிகளை நாடு திரும்பும்படி சபைத் தலைமை பணித்தது. அக்டோபரில் ஸ்மித் தீவுகளை விட்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிறையவில்லை. அடுத்த ஆண்டுக்குள் ஏனையோரும் திரும்பினர். விசுவாசிகள் வறண்ட லானாய்ப் பள்ளத்தாக்கில் குடியேற்றப்பட்ட நிலையிலேயே விடப்பட்டனர். 1861இல் வந்த வால்டர் மரே கிப்சன் என்பவர் தம்மையே தலைவராக்கிக்கொண்டு, சபைப் பதவிகளை விலைக்கு விற்று, மக்கள் தந்த பொருளால் நிலம் வாங்கித் தம் பெயரில் எழுதிக்கொண்டார். 1864இல் வந்த விசாரணைக் குழுவில் ஸ்மித்தும் ஒருவர். கிப்சன் விலக்கப்பட்டார், நிலம் அவரிடமே தங்கிவிட்டது. 1865இல் ஒவாஹுத் தீவின் லாயியேயில் வேறு நிலம் வாங்கவேண்டியதாயிற்று. பணப்பையின்றி வருவோரைப் பற்றிய கட்டளை, கணக்கு ஒப்புவியாது செல்வோரைப் பற்றி யாதும் கூறவில்லை.

இன்று அச்சபையின் இளைஞர் ஊழியம் வேறு விதமானது. 2012 முதல் பதினெட்டு வயதிலேயே ஆண்கள் செல்லலாம். இரண்டாண்டு எல்லை, பிரியாத இணைத்தோழர், குறித்த நேரத்துத் துயிலெழுதல், மாதந்தோறும் குடும்பம் செலுத்தும் தொகை என யாவும் ஒழுங்குக்குள் வந்துவிட்டன. 2019 முதல் வாரந்தோறும் வீட்டாருடன் தொலைபேசியிலும் பேசலாம். மொழி கற்பிக்கும் பெரிய பயிற்சி மையமும் யூட்டாவின் ப்ரோவோ நகரில் உண்டு. ஆனால் அத்தகைய பயிற்சியின் தொடக்கம் ப்ரோவோவில் அன்று. 1853இல், புதிதாக வந்த இளைஞர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்து, ஹவாய் மொழி கற்பிக்க முன்வந்தவர் வைலூக்கூவின் நாபேலா. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் மனைவி கிட்டிக்குத் தொழுநோய் கண்டது. சட்டப்படி மொலக்காயின் கலவுபாபாவுக்கு அவர் ஒதுக்கப்பட்டபோது, நோயற்றவரான நாபேலாவும் 1873இல் உடன் சென்றார். அங்கே கத்தோலிக்கக் குருவான தாமியானுடன் பழகி, தம் சபையாரை மேய்த்து, தாமும் அந்நோய் கண்டு 1879இல் இறந்தார். கிட்டியும் அதே ஆண்டில் மறைந்தார்.