ரேக்ளா சாரதி: ஜெயிப்பது ஒருவர், பதிவாவது இன்னொருவர் பெயரா?

ஹெர்வே ஃபிலியான், கனடாவின் கியூபெக்கில் 1940-ல் பிறந்தவர். குதிரை பூட்டிய இரண்டு சக்கர வண்டியை ஓட்டும் ஹார்னஸ் ரேஸில் 15,000-க்கும் மேல் ஜெயித்தவர். 1989-ல் மட்டும் 814 வெற்றி. 2017-ல் இறந்துவிட்டார், ஆனால் கணக்கு இன்னும் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு நெருக்கமானது மாடு பூட்டும் ரேக்ளா. அதை ஓட்டும் சாரதிக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா?

ரேக்ளாவில் சாரதியின் வேலை என்ன?

ஊருக்கு ஊர் மாறும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் 200, 300 மீட்டர் ஓட்டம். குறைந்த நொடியில் முடித்த வண்டி ஜெயிக்கும். மதுரை, சிவகங்கை, தூத்துக்குடி பக்கம் பல வண்டிகள் சாலையில் ஒன்றாகப் பாயும், அதுவும் மைல் கணக்கில். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனிப் பிரிவு. இரண்டு மாடும் ஒரே வேகத்தில் போகணும், எல்லையில் வண்டி கவிழாமல் திரும்பணும், கடைசி தூரத்துக்கு மூச்சு மிச்சம் இருக்கணும். இத்தனையும் சாரதியின் கையில். துணைக்கு இருப்பவர் அவ்வப்போது குதித்து, கூடவே ஓடி, மறுபடி ஏறிக்கொள்வார்.

பரிசு யாருக்கு?

மைக்கில் பெரும்பாலும் மாட்டின் உரிமையாளர் பெயரும் ஊர் பெயரும்தான் ஒலிக்கும். சாரதிக்குக் கொடிப் பரிசு உண்டு. மற்றதெல்லாம் உரிமையாளர் மனசைப் பொறுத்தது. ஊர்க் கமிட்டிகள் நடத்துவதால் முடிவுகள் நோட்டீஸ், யூடியூப், உள்ளூர்ச் செய்தி என்று சிதறிக் கிடக்கும். இதை எக்செல்லில் தொகுக்க உட்கார்ந்தால் முதல் காலத்திலேயே சிக்கல்: சாரதி பெயருக்கான கட்டம் பாதிக்கு மேல் காலி.

நடுவில் என்ன நடந்தது?

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா போராட்டம், தொடர்ந்து தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா சட்டங்கள் செல்லும் என்றது. இளம் சாரதி ஒருவருக்கு இரண்டரை வருஷத்துக்கும் மேலான இடைவெளி சின்ன விஷயமில்லை.

கேரளத்தில்?

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போனால் அடூர் அருகே ஆனந்தப்பள்ளி, மரமடிக்குப் பேர்போன ஊர். அங்கே வண்டியே கிடையாது. சேற்று வயலில் ஜோடி மாட்டோடு ஆளும் ஓடணும். 2014 தடை அவர்களையும் நிறுத்தியது. 2023 தீர்ப்பில் கேரளம் இல்லை, ஏனென்றால் அப்போது அங்கே அப்படியொரு திருத்தமே கிடையாது.