போர்ட் சிகாகோ: வெடிகுண்டைச் சுமந்தவர்கள் யார்?

1944 ஜூலை 17, இரவு 10.18 மணி. கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ கடற்படைத் துறைமுகத்தில் இ.ஏ.பிரையன் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. அதில் சுமார் 4,600 டன் வெடிபொருள் ஏற்றப்பட்டிருந்தது. இறந்தவர்கள் 320 பேர். அவர்களில் 202 பேர் கறுப்பினக் கடற்படை வீரர்கள்.

இது தற்செயல் அல்ல தோழர்களே. அங்கே குண்டு சுமந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர்; அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். சுமந்தவர்களுக்கு முறையான பயிற்சி தரப்படவில்லை. எந்தக் குழு அதிக டன் ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள்.

வெடிபொருள் தவறுதலாக வெடிக்குமா என்பதைச் சோதிக்கும் அறிவியல் அன்றே இருந்தது. சிறு மாதிரியின் மேல் எடையைப் போட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் வெடிக்கிறது என்று அளப்பார்கள். உராய்வையும் சூட்டையும் எவ்வளவு தாங்கும் என்றும் பார்ப்பார்கள். அந்தத் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட டார்பெக்ஸ், டிஎன்டியைவிட எளிதில் அதிர்ச்சிக்கு வெடிப்பது. ஆய்வுக்கூடத்தில் இருந்த இந்த அறிவு, அதைக் கையில் தூக்கியவனுக்குப் போய்ச் சேரவில்லை.

விசாரணை மன்றம் வெடிப்புக்கான காரணத்தை உறுதிசெய்யவில்லை. அருகிலிருந்து பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் அதிகாரிகள்மேல் குற்றமில்லை என்றது. சுமந்தவர்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டதும் காரணமாக இருக்கலாம் என்றது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேட்கப்பட்ட 5,000 டாலர் இழப்பீட்டை, பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று அறிந்த ஜான் ராங்கின் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்த்தார். தொகை 3,000 டாலராகக் குறைந்தது.

ஆகஸ்ட் 9 அன்று மீண்டும் குண்டேற்றச் சொன்னபோது 258 பேர் மறுத்தார்கள். அவர்களில் 50 பேர்மீது கலகக் குற்றம் சாட்டி, 8 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தார்கள். விசாரணையை நேரில் கவனித்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். பெரும்பாலோர் 1946 ஜனவரியில் விடுதலையானார்கள். குற்றவாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. 2024 ஜூலை 17 அன்றுதான் கடற்படை அந்தத் தண்டனைகளை ரத்துசெய்தது. 80 ஆண்டுகள்!

அவர்கள் கேட்டது நியாயம் என்பதைக் கடற்படையின் செயலே முன்னதாகக் காட்டிவிட்டது. வெடிப்புக்குப் பிறகு பயிற்சியும் தகுதிச் சான்றும் கட்டாயமாயின. ஏற்றும்போது ஆபத்து குறையும்படி குண்டுகளின் வடிவமைப்பும் மாறியது.

எந்த விபத்து அறிக்கையைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சுமந்தவர் யார்? ஆபத்தை அறிந்திருந்தவர் யார்? வேகத்தைத் தீர்மானித்தவர் யார்? அறிக்கை இவற்றுக்குப் பதில் சொல்லாமல் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தால், அதை அங்கேயே மூடிவைக்காதீர்கள்.