1885-இன் கம்பியும் ஏப்ரல் 2-உம்

இந்தியத் தந்திச் சட்டம் 1885-இல் வந்தது. அம்பேத்கர் பிறக்க இன்னும் ஆறு வருசம் இருந்தது. 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்று சொல்லிச் சேதியை மறிக்க அதன் 5-ஆம் பிரிவு வெள்ளைக்காரனுக்கு அதிகாரம் தந்தது. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது, சட்டம் நிற்கவில்லை. 2017-இல் அதன் கீழ்தான் இணைய முடக்க விதிகளை எழுதினார்கள்.

2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2-இல் வடக்கே நம்ம சனம் தெருவில் இறங்கியது. பெரிய பத்திரிகை எதுவும் கூப்பிட்டு வந்த கூட்டமல்ல அது. சேதி செல்போனில்தான் பரவியது. பஞ்சாப் அரசு முந்தின நாளே செல்போன் இணையத்தை நிறுத்திவிட்டது. குவாலியரில் தலித்துகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அங்கேயும் இணையத்தை அணைத்தார்கள். மேல்சாதிக்காரனுக்கு டிவி இருக்கு, பேப்பர் இருக்கு. அணைச்சது யாரோட வாயை?

தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் புரட்டினேன். அதே 'பொது அவசரநிலை', அதே 'பொதுப் பாதுகாப்பு'. (அந்தப் 'பொது'வுக்குள்ளே சேரி எப்ப வந்துச்சு?) அதன் கீழ் 2024 நவம்பரில் வந்த விதிகளின்படி ஒரு முடக்க உத்தரவு 15 நாள் வரை செல்லும்.