ஜாவா மொழி கண்ட லிபிகள்

ஜாவாத் தீவின் மேற்கே, போகோர் நகருக்கு அருகில் ஓடும் சியாருதென் ஆற்றில் கிடைத்த பாறை ஒன்றில் இரண்டு பாதச் சுவடுகளும், அவை பூர்ணவர்மன் என்னும் அரசனுடையவை என்றும் விஷ்ணுவின் திருவடிகளை ஒத்தவை என்றும் கூறும் சமஸ்கிருத சுலோகம் ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் இச்சாசனத்தின் எழுத்து, பல்லவர் பெயரால் வழங்கும் தென்னிந்திய லிபியே. கிரந்தத்தோடு பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 732-இல் சஞ்சயன் என்னும் அரசன் லிங்கப் பிரதிஷ்டை செய்ததைக் கூறும் சங்கல் சாசனத்திலும் அதே லிபியைக் காண்கிறோம். ஆனால் 760-ஆம் ஆண்டின் தினோயோ சாசனத்துக்கு வரும்போது, எழுத்து உள்ளூர்க் கைகளில் பழகித் தனக்கென ஒரு வடிவம் பெற்றுவிடுகிறது. அதனைக் கவி லிபி என்பர்.

அதுவரை கல்லில் பேசியது பெரும்பாலும் சமஸ்கிருதம். ஜாவா மொழியிலேயே அமைந்த, தேதியிட்ட சாசனங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் 804-ஆம் ஆண்டின் ஹரிஞ்சிங் சாசனம், எந்த வெற்றியையும் பாடாமல், ஆற்றில் அணை கட்டிய செய்தியைச் சொல்வது உழவர் பூமிக்கு எவ்வளவு பொருத்தம்!

கவி லிபியிலிருந்து காலக்கிரமத்தில் பிறந்தது, ஹ, ந, ச, ர, க என்று தொடங்கும் இருபது எழுத்துகளைக் கொண்ட ஹநசரக லிபி. மெய்யும் மெய்யும் சேருமிடத்தில், இரண்டாம் எழுத்து வேறு உருக்கொண்டு முதலெழுத்தின் கீழேயோ பக்கத்திலேயோ சென்று அமரும். அதற்குப் பசங்கன் என்று பெயர். தகர டகர வேறுபாடு பேச்சில் உயிரோடு இருந்தமையால் அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் நிலைபெற்றன. ஆனால் வடமொழியின் மூச்சுக் கலந்த ககர, பகர ஒலிகளுக்கு ஜாவானியர் நாவில் இடமில்லை. வேலையற்றுப்போன அவ்வெழுத்துகளை அவர்கள் கழித்துவிடவில்லை. அரசர், பெரியோர் பெயரையும் சிறப்புடைய ஊர்களின் பெயரையும் எழுதும்போது மரியாதைக்குரிய எழுத்துகளாக அவற்றை வழங்கி, முர்த என்று அழைத்தனர். ஒலியிழந்த எழுத்துக்கு இதனினும் கண்ணியமான வாழ்வு வேறெங்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

இஸ்லாம் பரவியபோது, அரபு எழுத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் பெகோன் என்னும் முறையை வகுத்தனர். பெசந்திரேன் எனப்படும் மதக் கல்விச்சாலைகளில், அரபு மூலத்தின் ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருளைச் சாய்வாகப் பெகோனில் எழுதிக்கொண்டே மாணவர் பாடங்கேட்பர். அவ்வழக்கம் இன்றும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஹநசரகத்துக்கு ஈய அச்சு வார்த்தனர். சுரகர்த்தா நகரத்தார் எழுதும் வடிவைப் பின்பற்றிய அவ்வச்செழுத்தில் நூல்கள் வெளிவந்தன. 1855-இல் அந்நகரிலேயே பிரமார்த்தனி என்னும் பத்திரிகையும் தொடங்கியது. எனினும் பசங்கன்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி அச்சு வேண்டியிருந்த இந்த லிபியைக் காட்டிலும், ரோமன் எழுத்தைக் கோப்பது எளிதாயிருந்தது. பள்ளிகளும் அதனையே வளர்த்தன. 1942-இல் வந்த ஜப்பானிய ஆட்சி ஜாவா எழுத்தின் உபயோகத்தையே தடுத்தது. சுதந்திரத்துக்குப் பின் ரோமன் எழுத்தே பொதுவாகி நிலைத்தது.

2009-இல் ஹநசரகம் யூனிக்கோடில் இடம்பெற்றமையால், அச்சுக்கோப்பின் அந்தப் பழைய இடர் இன்று பெரிதும் நீங்கிவிட்டது. யோக்யகர்த்தாவின் தெருப் பலகைகளில் ரோமன் எழுத்தோடு அதுவும் எழுதப்படுகிறது; பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அதில் நாள்தோறும் கடிதமும் கணக்கும் எழுதுவோர் அரியர்.